காரில் பாட்டும் அதன் மின்சாரக் கணக்கும்

பிறந்த மண்ணை விட்டு வேற்று மாநிலங்களிற் குடியேறி வாழும் நம் குடும்பங்கள், கோடை விடுமுறையிலும் பொங்கல் விடுமுறையிலும் ஊருக்குச் செல்லும் வழக்கத்தை இன்றும் கைவிடவில்லை. மாறியது ஊர்தி ஒன்றே. மூட்டை முடிச்சுகளுடனும் கூஜாவுடனும் இரயிலேறிய குடும்பங்களுட் பல, இன்று சொந்தக் காரிற் புறப்படுகின்றன. இரயில்வேயில் எழுத்தராகப் பணிபுரியும் நமக்கு இதிற் சிறிது மனத்தாங்கல் உண்டெனினும், காலத்தின் போக்கைத் தடுக்க நம்மால் இயலாது. தில்லியிலிருந்து நாகபுரி, ஐதராபாத்து, பெங்களூர், சேலம் வழியாக மதுரை வரை இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையிலேயே செல்லலாம். அத்தனை தொலைவுக்கும் துணை வருவது பாட்டு. தமிழ்ச் சொல்லைக் காதாற் கேட்கும் வாய்ப்புக் குறைந்த ஊர்களில் வாழும் நமக்கு, அப்பாட்டு வெறும் பொழுதுபோக்கு மட்டுமன்று.

ஆகவே, நம் இளைஞர்கள் காரிற் பாட்டு நன்றாகக் கேட்க வேண்டும் என்று விரும்புவதை நாம் குறை கூறவில்லை. ஆனால் அவ்விருப்பத்தை நிறைவேற்றும் முறையிற் கவனம் வேண்டும். தில்லியிற் கரோல்பாக், பெங்களூரில் ஜே.சி. சாலை, சென்னையில் ஜெனரல் பாட்டர்ஸ் சாலை ஆகிய இடங்களிற் காருக்கு வேண்டிய துணைக்கருவிகளை விற்கும் கடைகள் வரிசை வரிசையாக உள்ளன. அங்கே ஒரு பிற்பகலில் இரண்டு அல்லது மூன்று ஆம்ப்ளிபயர்களைப் பொருத்தித் தந்துவிடுகின்றனர். வேலை தெரிந்தவர் கையில் அது பாதுகாப்பான வேலை. விரைவை மட்டுமே அறிந்தவர் கையில் அது நெருப்பை உள்ளே வைத்துத் தைப்பதற்கு ஒப்பாகும். இவ்விரண்டையும் வேறுபடுத்தி அறியும் அளவுக்கேனும் நம் குடும்பத்தினர் விஷயம் தெரிந்திருத்தல் நலம் என்று கருதியே இதனை எழுதுகிறோம்.

ஆம்ப்ளிபயர் ஏன் ஒன்றுக்கு மேல்?

காரின் முகப்புப் பலகையில் உள்ள ஸ்டீரியோவுக்குள்ளேயே சிறு ஆம்ப்ளிபயர் ஒன்று உண்டு. அதன் அட்டைப் பெட்டியில் ‘50 வாட், நான்கு வழி’ என்று அச்சிட்டிருப்பர். அது கணநேர உச்ச அளவு. காரின் மின்னழுத்தம் என்ஜின் ஓடும்போது ஏறத்தாழ 14 வோல்ட்டே ஆகும். அவ்வழுத்தத்தை நேராகக் கொண்டு 4 ஓம் ஸ்பீக்கரை இயக்கினால், தொடர்ந்து கிடைக்கும் ஆற்றல் வழிக்கு 20 வாட் அளவே. இது வஞ்சகமன்று, ஓம் விதியின் எல்லை. தனி ஆம்ப்ளிபயரோ, தன்னுள்ளே 12 வோல்ட்டை உயர்த்திக்கொள்ளும் அமைப்பை உடையது. அதனாலேயே அதனால் நூறு வாட்டும் ஐந்நூறு வாட்டும் தர இயலுகிறது.

இனி, குரலும் வயலினும் வேண்டும் ஆற்றல் வேறு. தவிலும் மிருதங்கமும் வேண்டும் ஆற்றல் வேறு. தாழ்ந்த சுருதியை எழுப்பும் சப்வூஃபர் பெரியது. அதனை அசைக்க மிகுந்த ஆற்றல் வேண்டும். ஆகையால் கதவுகளில் உள்ள நான்கு ஸ்பீக்கர்களுக்கு நான்கு வழி ஆம்ப்ளிபயர் ஒன்றும், சப்வூஃபருக்கு ஒரு வழி ஆம்ப்ளிபயர் ஒன்றுமாக இரண்டு வைப்பது பொது வழக்கம். பொறுப்பைப் பிரித்துக் கொடுப்பதால் இரண்டும் தத்தம் வேலையைத் திணறாமற் செய்யும். இரண்டை ஒரே பாட்டரியிலிருந்து இயக்கும்போதுதான் கணக்குத் தொடங்குகிறது.

வரவும் செலவும்

குடும்ப வரவு செலவு போலவே காரின் மின்சாரத்திற்கும் வரவு, செலவு, சேமிப்பு என மூன்று உண்டு. என்ஜின் ஓடும்போது மின்சாரம் தருவது ஆல்டர்னேட்டர், அது வரவு. பாட்டரி சேமிப்பு. விளக்கு, குளிர்சாதனக் காற்றாடி, எரிபொருட் பம்பு, பாட்டு ஆகியவை செலவு.

எடுத்துக்காட்டாக ஒரு கணக்கைப் பார்ப்போம். நான்கு வழி ஆம்ப்ளிபயர் வழிக்கு 50 வாட் வீதம் 200 வாட் தருகிறது எனக் கொள்வோம். அது ‘ஏபி’ வகுப்பைச் சேர்ந்ததாயின் உட்கொள்ளும் மின்சாரத்திற் பாதியளவே ஒலியாற்றலாக வெளிவரும், மீதி வெப்பமாகும். எனவே அதற்கு 400 வாட் வேண்டும். 13.5 வோல்ட்டில் அது ஏறத்தாழ 30 ஆம்பியர். சப்வூஃபருக்குரிய ஆம்ப்ளிபயர் 500 வாட் தரும் ‘டி’ வகுப்பு எனக் கொள்வோம். இவ்வகுப்பின் திறன் 80 விழுக்காடு அளவு. ஆதலின் 625 வாட் வேண்டும். அது 46 ஆம்பியர். இரண்டும் சேர்ந்து உச்ச நிலையில் 76 ஆம்பியர் ஆகிறது.

76 ஆம்பியர் என்பது எத்தகைய அளவு? இது ஏறத்தாழ 1,026 வாட். நம் வீட்டில் 230 வோல்ட்டில் இதே ஆற்றலைப் பெற நாலரை ஆம்பியர் போதும். காரிலோ அழுத்தம் குறைவாதலின் அதே வேலைக்குப் பதினேழு மடங்கு மின்னோட்டம் பாய வேண்டியுள்ளது. “பன்னிரண்டு வோல்ட்தானே, அது என்ன செய்துவிடும்?” என்று சிலர் கூறுவதுண்டு. அது கைக்கு அதிர்ச்சி தராது என்பது உண்மை. ஆனால் கம்பியைச் சூடேற்றுவது மின்னோட்டம். அந்த மின்னோட்டம் காரில் வீட்டினும் மிகப் பெரிது.

சிறு கார்களின் ஆல்டர்னேட்டர் பொதுவாக 60 முதல் 90 ஆம்பியர் வரை தரவல்லது. இரவில் விளக்குகளும் குளிர்சாதனமும் இயங்கும்போது அதிற் கணிசமான பகுதி காருக்கே செலவாகிவிடும். என்ஜின் மெதுவாகச் சுழலும்போது வரவும் குறைந்துவிடும். ஆயினும் பாட்டு எப்போதும் உச்சத்திலேயே நிற்பதில்லை. அதன் சராசரிச் செலவு உச்சத்தில் மூன்றிலொரு பங்களவே இருக்கும். மேற்கூறிய இரண்டு ஆம்ப்ளிபயர்களுக்கும் சராசரி 25 ஆம்பியர் போதும். அதுவரை பெரும்பாலான கார்கள் தாங்கும். இதன்மேல் 1,000 வாட் ஆம்ப்ளிபயர் ஒன்றையும் சேர்ப்போமாயின், அது மட்டுமே உச்சத்தில் 93 ஆம்பியர் கேட்கும். வரவுக்கு மிஞ்சிய செலவு அது. அந்நிலையில் பெரிய ஆல்டர்னேட்டர் இன்றி மூன்றாவதைச் சேர்ப்பது தகாது.

என்ஜினை நிறுத்திவிட்டுப் பாட்டுக் கேட்பவர்கள் சேமிப்பைத் தின்கின்றனர். சிறு கார்களின் பாட்டரி 35 ஆம்பியர்-மணி அளவினது. 25 ஆம்பியர் வீதம் எடுத்தால், ஒரு மணி நேரத்திற்குப் பின் வண்டியைக் கிளப்புதல் அரிது. நடுவழியில் உணவுக்காக நிறுத்தும் இடங்களில் இதனை மனத்திற் கொள்ளல் வேண்டும்.

கம்பியின் பருமன்

பாட்டரி முன்னே இருக்கிறது. ஆம்ப்ளிபயர்கள் பெரும்பாலும் பின்னே டிக்கியில் இருக்கின்றன. இடையில் ஏறத்தாழ ஐந்து மீட்டர் நீளமுள்ள தாமிரக் கேபிள் செல்ல வேண்டும். அதன் பருமன் 25 சதுர மில்லிமீட்டராயின், 76 ஆம்பியர் பாயும்போது வழியில் இழக்கப்படும் அழுத்தம் கால் வோல்ட் அளவே. கம்பியில் தோன்றும் வெப்பம் 20 வாட். செலவைக் குறைக்க எண்ணி வீட்டு மின்னிணைப்பிற்குரிய 6 சதுர மில்லிமீட்டர் கம்பியை இழுத்தால், இழப்பு ஒரு வோல்ட்டுக்கு மேல். வெப்பம் 80 வாட்டுக்கு மேல். அவ்வெப்பம் காற்றுப் புகாத கம்பளத்திற்கு அடியில், குழந்தைகள் கால் வைக்கும் இடத்திற் கனன்றுகொண்டிருக்கும்.

கேபிளின் தோற்றத்தைக் கண்டு மயங்குதல் கூடாது. அலுமினியத்தின்மேல் மெல்லிய தாமிரப் பூச்சு இட்ட கேபிள்கள் சந்தையில் மலிந்துள்ளன. மேலுறை தடித்து, பார்வைக்குக் கொழுத்திருக்கும். ஆனால் அதே பருமனுள்ள தூய தாமிரத்தினும் அதன் மின்தடை ஏறத்தாழ ஒன்றரை மடங்குக்கு மேற்பட்டது. இழை ஒன்றைக் கத்தியாற் சுரண்டிப் பார்த்தால் உள்ளே வெண்மை தெரியும். கையில் எடுத்தால் எடை குறைவாக இருக்கும். விலை மலிவுக்காக அதனையே வாங்குவோர், ஒரு படி பெரிய பருமனாக வாங்கிக்கொள்ளல் வேண்டும்.

பியூஸ் நிற்க வேண்டிய இடம்

இக்கட்டுரையில் ஒன்றை மட்டுமே நினைவிற் கொள்ள இயலும் என்போர் இப்பகுதியைக் கொள்க.

நம் குடியிருப்பில் வாழும் நண்பர் ஒருவர், சில ஆண்டுகளுக்கு முன் கோடை விடுமுறைக்காகக் குடும்பத்தோடு காரில் ஊருக்குப் புறப்பட்டார். புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்னரே இரண்டு ஆம்ப்ளிபயர்களைப் பொருத்தியிருந்தனர். இரண்டாம் நாள் இரவு, பின்னிருக்கையில் இருந்த பாட்டியம்மாள் ஏதோ தீய்ந்த வாடை வீசுகிறது என்றார். வெளியே வயலில் வைக்கோல் எரிக்கின்றனர் போலும் என்று முதலிற் கருதினர். வாடை கூடவே வந்தது. அம்மையார் விடாது வற்புறுத்தவே வண்டியை நிறுத்தி, உறங்கிக்கொண்டிருந்த பிள்ளைகளை இறக்கினர். ஓட்டுநர் இருக்கையின் அடியிற் கம்பளம் புகைந்துகொண்டிருந்தது. நண்பர் பாட்டரியின் இணைப்பைக் கழற்றிய பின்னரே புகை அடங்கியது. எவர்க்கும் தீங்கில்லை. ஆனால் அனைவரும் உறங்கியிருப்பின் என்னாகியிருக்கும் என்று எண்ணவே அச்சமாக இருக்கிறது.

நடந்தது யாது? கேபிளை இருக்கையின் இரும்புத் தண்டவாளத்தின்கீழ் இழுத்திருந்தனர். இருக்கையை முன்னும் பின்னும் நகர்த்த நகர்த்த மேலுறை அறுந்து, தாமிரம் வண்டியின் உடலைத் தொட்டுவிட்டது. ஆம்ப்ளிபயர்கள் இரண்டிலும் பியூஸ் இருந்தது. இரண்டும் பழுதின்றி இருந்தன. ஏனெனில் கோளாறு நேர்ந்தது பாட்டரிக்கும் அந்தப் பியூஸ்களுக்கும் நடுவில். மின்னோட்டம் ஆம்ப்ளிபயரை அடையாமலே, அறுந்த இடத்தின் வழியாகப் பாட்டரிக்குத் திரும்பிவிட்டது. ஸ்டார்ட்டர் மோட்டாருக்கு நூற்றுக்கணக்கான ஆம்பியரை அளிக்கும் பாட்டரி, அதே வலிமையை அறுந்த கம்பிக்கும் அளிக்கத் தயங்குவதில்லை.

ஆம்ப்ளிபயரில் உள்ள பியூஸ் ஆம்ப்ளிபயரைக் காக்கும். கம்பியைக் காக்க வேறொரு பியூஸ் வேண்டும். அது கம்பி தொடங்கும் இடத்தில், அதாவது பாட்டரியின் நேர்முனையிலிருந்து 45 சென்டிமீட்டருக்குள் இருத்தல் வேண்டும். இரயிற்பாதையிற் சிக்னல் கம்பம் இடர் உள்ள இடத்திற்கு முன்னே நிற்கிறதேயன்றிப் பின்னே நிற்பதில்லை அல்லவா? அதே நியதிதான் இதற்கும். அதன் அளவையும் கம்பியை நோக்கியே தேர்தல் வேண்டும். மேற்கூறிய 25 சதுர மில்லிமீட்டர் தாமிரக் கேபிளுக்கும் 76 ஆம்பியர் தேவைக்கும் 100 ஆம்பியர் பியூஸ் பொருந்தும். அது அடிக்கடி எரிகிறதென்று 200 ஆம்பியரைச் செருகுவது, குரைக்கும் நாயைக் கொன்றுவிட்டுத் திருடனை வரவேற்பதாகும்.

கேபிள் என்ஜின் அறையிலிருந்து உள்ளே நுழையும் தகட்டுத் துளையில் இரப்பர் வளையம் இடுதலும், இருக்கைத் தண்டவாளத்தை விட்டு விலகிக் கதவோரமாகக் கேபிளைக் கொண்டு செல்லுதலும் மறவாமற் செய்ய வேண்டியவை.

ஒரு கம்பி இரண்டாகும் இடம்

இரண்டு ஆம்ப்ளிபயர்களுக்குப் பாட்டரியிலிருந்து இரண்டு கேபிள்களை இழுக்க வேண்டியதில்லை. ஒரு பெருங்கேபிளைப் பின்புறம் கொண்டுவந்து, அங்கே ‘டிஸ்ட்ரிபியூஷன் பிளாக்’ எனப்படும் பங்கீட்டுக் கட்டையில் இரண்டாகப் பிரித்தலே முறை. இரயில்வே வழக்கிற் சொன்னால் அது ஒரு ஜங்ஷன். பிரிந்து செல்லும் கம்பிகள் தாய்க் கேபிளினும் மெல்லியவை. ஆதலின் 100 ஆம்பியர் பியூஸ் அவற்றைக் காக்காது. பிரியும் இடத்திலேயே ஒவ்வொன்றிற்கும் தனிப் பியூஸ் வேண்டும். 30 ஆம்பியர் ஆம்ப்ளிபயருக்கு 10 சதுர மில்லிமீட்டர் கம்பியும் 40 ஆம்பியர் பியூஸும், 46 ஆம்பியர் ஆம்ப்ளிபயருக்கு 16 சதுர மில்லிமீட்டர் கம்பியும் 60 ஆம்பியர் பியூஸும் ஏற்றவை. கம்பி எங்கே மெலிகிறதோ அங்கே ஒரு பியூஸ் என்று சுருக்கமாக நினைவிற் கொள்ளலாம். இரண்டு கம்பிகளை முறுக்கி ஒட்டுத்தாள் சுற்றிவிடும் வேலையை ஒருபோதும் ஏற்றல் கூடாது.

எர்த்: எல்லாம் ஓரிடத்தில்

மின்சாரம் சென்றால் திரும்பவும் வேண்டும். அத்திரும்பு வழி காரின் உலோக உடல். எனவே எர்த் கம்பியும் நேர்முனைக் கம்பியின் அதே பருமன் உடையதாய், 45 சென்டிமீட்டருக்கு மிகாத நீளமுடையதாய் இருத்தல் வேண்டும். உடலின் வண்ணப் பூச்சை உலோகம் பளபளக்கும்வரை சுரண்டி, வளைய முனை இட்டு, பல்வாஷரும் போல்ட்டும் கொண்டு இறுக்கி, பின்னர்த் துருப்பிடிக்காவண்ணம் மேலே பூச்சு இட வேண்டும். இருக்கைப் பட்டையின் போல்ட்டில் எர்த் கொடுத்தல் தகாது. அது உயிர் காக்கும் போல்ட். புதிய துளை இடுவதற்குமுன் அடியில் எரிபொருள் தொட்டியோ குழாயோ இல்லை என்பதைக் குனிந்து பார்த்தே இட வேண்டும்.

ஆம்ப்ளிபயர்கள் எத்தனையாயினும் எர்த் ஓரிடத்திலேயே இருத்தல் நலம். ஒன்றை இடப்புறத்திலும் மற்றொன்றை வலப்புறத்திலும் பிணைத்தால், அவ்விரு இடங்களுக்கும் இடையே சிறு அழுத்த வேறுபாடு நிற்கும். அது பாட்டைச் சுமந்துவரும் மெல்லிய கம்பிகளின் உறை வழியாகச் சுற்றத் தொடங்கும். விளைவு, ஆக்ஸிலரேட்டரை மிதிக்க மிதிக்கச் சுருதி ஏறும் ஓர் ஊளை. பாட்டோடு என்ஜினும் பாடுவதாகப் பலர் குறைப்படுவதன் காரணம் பெரும்பாலும் இதுவே. இதற்கென விற்கப்படும் இரைச்சல் தடுப்பான்களை வாங்குமுன் எர்த்தைச் சோதித்துப் பார்த்தல் வேண்டும்.

இன்றைய கார்கள் பலவற்றிற் பாட்டரியின் எதிர்முனையிலேயே ஓர் உணர்கருவி பொருத்தப்பட்டுள்ளது. அத்தகைய வண்டிகளில் எர்த் கம்பியை அம்முனையில் நேரே மாட்டினால் வண்டியின் கணினி செலவைத் தவறாகக் கணக்கிடும். உடலிற் பிணைத்தலே சரி.

எழுப்பும் கம்பியும் பாட்டுக் கம்பியும்

சாவியைத் திருப்பும்போது ஆம்ப்ளிபயர் விழிக்கவும், நிறுத்தும்போது உறங்கவும் ஸ்டீரியோவிலிருந்து ஒரு சிறு கம்பி செல்கிறது. பெரும்பாலும் நீலமும் வெள்ளையும் கலந்த நிறத்தினது. அது தரக்கூடிய மின்னோட்டம் மிகச் சிறிது. இரண்டு ஆம்ப்ளிபயர்களை அதனால் எழுப்ப இயலும். மூன்றும் நான்கும் ஆகி, குளிர்விக்கும் காற்றாடியும் சேருமாயின், இடையில் ஒரு ரிலேயை வைத்தல் வேண்டும். ஸ்டீரியோவின் கம்பி ரிலேயின் 86-ஆம் முனைக்கும், எர்த் 85-ஆம் முனைக்கும், பியூஸ் இட்ட பாட்டரிக் கம்பி 30-ஆம் முனைக்கும் சென்றால், 87-ஆம் முனையிலிருந்து எல்லா ஆம்ப்ளிபயர்களையும் எழுப்பலாம். எழுப்பும் கம்பியை நேரே பாட்டரியில் மாட்டிவிட்டால் ஆம்ப்ளிபயர்கள் இரவு முழுவதும் விழித்திருக்கும். காலையில் பாட்டரி உறங்கிவிடும்.

பாட்டைச் சுமக்கும் ஆர்.சி.ஏ. கம்பிகளை மின்கேபிளோடு சேர்த்துக் கட்டுதல் கூடாது. கேபிள் இடப்புறம் சென்றால் இவை வலப்புறம் செல்லட்டும். குறுக்கிட நேர்ந்தால் செங்கோணத்திற் குறுக்கிடட்டும். ஸ்டீரியோவில் முன், பின், சப்வூஃபர் என மூன்று இணை வாய்கள் இருப்பின் ஒவ்வொன்றும் உரிய ஆம்ப்ளிபயருக்குச் செல்லும். ஒரே இணை இருப்பின், முதல் ஆம்ப்ளிபயரின் வெளிவாயிலிருந்து இரண்டாவதற்குக் கொண்டு செல்லலாம். தொடுதிரையோடு தொழிற்சாலையிலிருந்தே வரும் ஸ்டீரியோக்கள் பலவற்றில் இவ்வாய்கள் இல்லை. அத்தகைய கார்களுக்கு, ஸ்பீக்கர் கம்பியிலிருந்தே பாட்டை ஏற்கும் வசதியுள்ள ஆம்ப்ளிபயரைத் தேர்ந்துகொள்ளல் வேண்டும்.

ஓம் கணக்கும் கெயின் திருகும்

4 ஓம் ஸ்பீக்கர் இரண்டினைப் பக்க இணைப்பில் மாட்டினால் 2 ஓம் ஆகும்; தொடர் இணைப்பில் 8 ஓம் ஆகும். ஓம் குறையக் குறைய ஆம்ப்ளிபயர் மிகுதியாகத் தரும். மிகுதியாகச் சூடும் ஆகும். எந்த அளவு வரை தாங்கும் என்று அதன் குறிப்பேட்டில் அச்சிட்டிருப்பர். அதற்குக் கீழே இறங்குதல் கூடாது. இரு வழிகளை ஒன்றாக்கிப் பயன்படுத்தும்போது பல ஆம்ப்ளிபயர்களுக்கு 4 ஓமே கீழெல்லை. இரண்டு ஆம்ப்ளிபயர்களின் வெளிவாய்களை ஒரே சுருளிற் பிணைத்தால் இரண்டும் கெடும். கதவு ஸ்பீக்கர்களுக்கு 80 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்டதையும், சப்வூஃபருக்கு அதற்குக் கீழ்ப்பட்டதையும் பிரித்தளித்தல் நல்ல தொடக்கம்.

ஆம்ப்ளிபயரில் உள்ள கெயின் திருகை ஒலியைக் கூட்டும் திருகு என்று பலர் எண்ணுகின்றனர். அன்று. ஸ்டீரியோ தரும் மின்னழுத்தத்திற்கு ஆம்ப்ளிபயரை இசைவித்தலே அதன் தொழில். முறை எளிது. ஸ்பீக்கர்களைக் கழற்றிவிட்டு, ஸ்டீரியோவின் ஒலியை முக்கால் அளவில் வைத்து, சோதனைத் தொனி ஒன்றை ஒலிக்கச் செய்து, வெளிவாயில் மல்டிமீட்டரை மாற்று மின்னழுத்த நிலையில் வைக்க வேண்டும். ஆற்றலை ஓமாற் பெருக்கி வர்க்கமூலம் கண்டால் வேண்டிய வோல்ட் கிடைக்கும். 50 வாட்டும் 4 ஓமும் ஆயின் 14.1 வோல்ட், 500 வாட்டும் 2 ஓமும் ஆயின் 31.6 வோல்ட். அவ்வளவில் திருகை நிறுத்திவிடல் வேண்டும். அதற்கு மேற்சென்றால் ஒலி அலையின் உச்சி தட்டையாகி, ஓசை கரகரத்து, ஸ்பீக்கரின் சுருள் எரியும். கதவு ஸ்பீக்கர்களுக்கு 1,000 ஹெர்ட்ஸ் தொனியும் சப்வூஃபருக்கு 50 ஹெர்ட்ஸ் தொனியும் ஏற்றவை.

வாங்குமுன் ஆராய வேண்டியவை

விளக்குகள் பாட்டோடு சேர்ந்து மங்கி மங்கி எரிகின்றன என்றால், பெரிய கபாசிட்டர் ஒன்றை வாங்கச் சொல்வர். ஒரு ஃபாரட் கபாசிட்டர் 14.4 வோல்ட்டிலிருந்து 12 வோல்ட்டுக்கு இறங்கும்போது தரும் ஆற்றல் ஏறத்தாழ 32 ஜூல். 500 வாட் ஆம்ப்ளிபயருக்கு அது ஒரு விநாடியில் இருபதில் ஒரு பங்குக்கே போதும். அது மின்சாரத்தை உண்டாக்குவதில்லை. வரவு குறைவைச் சில்லறை மாற்றி மறைப்பதே அதன் வேலை. அப்பணத்தை நல்ல கேபிளுக்கும் உறுதியான எர்த்துக்கும் செலவிடுதல் மேல்.

வேலை தொடங்குமுன் பாட்டரியின் எதிர்முனையை முதலிற் கழற்றி, முடிந்தபின் அதனைக் கடைசியில் மாட்டுகிறாரா என்று கவனிக்க வேண்டும். அவ்வாறு செய்யாதவரிடம் வண்டியை ஒப்படைத்தல் நன்றன்று. மஞ்சள் உறையிட்ட காற்றுப்பைக் கம்பிகளையும், மின்சாரக் கார்களில் உள்ள செம்மஞ்சள் நிற உயரழுத்தக் கேபிள்களையும் எவரும் தொடுதல் கூடாது. தொழிற்சாலைக் கம்பிகளை வெட்டிச் சேர்த்தால் உத்தரவாதம் மறுக்கப்படலாம். காப்பீட்டிலும் இத்தகைய துணைக்கருவிகளைத் தனியே குறிப்பிட்டுச் சேர்த்தல் அவசியம். இல்லையேல் அவற்றிற்கு இழப்பீடு கிடைப்பது அரிது.

அண்டை அயலாரையும் மறத்தல் கூடாது. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதிகளிற் பகலில் 55 டெசிபெல்லும், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபெல்லுமே வரம்பு. வேற்றுமொழி பேசுவோர் நடுவே வாழும் நாம், நம் பாட்டின் இனிமையை அவர்கள் விரும்பிக் கேட்கும்படி செய்யவேண்டுமேயன்றி, சுவர் அதிரும்படி செய்து வெறுப்பைத் தேடிக்கொள்ளல் ஆகாது. பின்னிருக்கையில் அமரும் சிறுவர்களின் செவிகளுக்கும், பின்னால் வரும் லாரியின் ஹாரன் ஓட்டுநருக்குக் கேட்க வேண்டிய தேவைக்கும் அதே அளவறிதல் வேண்டும்.

ஏற்கெனவே ஆம்ப்ளிபயர் பொருத்திய கார் வைத்திருக்கும் அன்பர்கள், அடுத்த விடுமுறைப் பயணத்திற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை பானட்டைத் திறந்து பார்க்குமாறு கேட்டுக்கொள்கிறோம். பாட்டரியின் நேர்முனையிலிருந்து புறப்படும் தடித்த கம்பியைக் கையளவு தூரம் தொடர்ந்து செல்லுங்கள். அங்கே ஒரு பியூஸ் இருந்தால் மகிழ்ச்சி. இல்லையேல், அதைப் பொருத்தும்வரை அக்கம்பியைக் கழற்றிவையுங்கள். பியூஸும் அதன் கூடும் சில நூறு ரூபாய்க்குள் அடங்கும். வேலை அரை மணி நேரம். அதன்பின் எத்தனை நூறு மைல் வேண்டுமாயினும் பாட்டுக் கேட்டுக்கொண்டே ஊர் போய்ச் சேரலாம்.